வெங்காயக் கொட்டில் றேஸ்

குணலட்சுமிக்குக் கோபம் வந்தால் அது உரும்பிராய்ச் சந்தி வரைக்கும் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். சந்தியில்தான் அவளுடைய புருஷன் பரமலிங்கம் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுத்துகிற கடை வைத்திருக்கிறார். அவருடைய காதில் அது ஒருநாளாவது விழுந்திருந்தால், அந்த மனுஷன் அவளுடைய வெங்காயக் கொட்டிலுக்குள் கார் ஓட விட்டிருப்பாரா?

கார் என்றால் மெய்யான கார் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கார். கொழும்பில் ஒரு விளையாட்டு நிலையத்தைப் பூட்டியபோது, அங்கே கிடந்த றேஸ் மேசையை உடைத்து விறகுக்குப் போட இருந்தார்களாம். வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன லொறிக்காரர் சிமியோன் அதைக் கண்டார். கண்டவர் தன் பாட்டில் வந்திருக்கலாம். வராமல், பரமலிங்கத்துக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது இதைத்தான். படத்தைப் பார்த்த பரமலிங்கம் சோற்றுக் கையோடு எழும்பி நின்று, "ஏத்து சிமியோன், உடனை ஏத்து" என்று போனில் கத்தினார். வெங்காயம் போன லொறியில் பலகை வந்து இறங்கியது.

அந்த மேசையில் நாலு ஓட்டப் பாதைகள் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு பாதையின் நடுவிலும் விரல் நுழையாத ஒடுங்கிய பள்ளம் ஒன்று வெட்டியிருக்கும். பள்ளத்தின் இரண்டு கரையிலும் செப்புப் பட்டி ஒட்டியிருக்கும். காரின் அடியில் இருக்கிற நாக்கு பள்ளத்துக்குள் இறங்கும், நாக்கோடு இருக்கிற செப்புக் குஞ்சம் பட்டியில் முட்டும், கரண்ட் ஏறும், கார் ஓடும். கையில் ஒரு விசை தருவார்கள். அமத்தினால் வேகம், விட்டால் நிற்கும். வளைவில் அளவுக்கு மிஞ்சி அமத்தினால் கார் பள்ளத்தை விட்டுப் பறந்து போய்ச் சுவரில் அடிக்கும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு வயதுபோன ஆம்பிளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள்.

வந்து இறங்கினபோது அது மேசையாகவே இருக்கவில்லை. பலகைகள் நெளிந்து, பள்ளமெல்லாம் ஊத்தை அடைத்து, செப்புப் பட்டி உரிந்து சுருண்டு கிடந்தது. பரமலிங்கம் மாதக்கணக்காகப் பின்னேரம் பின்னேரமாய் அதற்கு முன்னால் குந்தியிருந்தார். அரத்தாள் போட்டுத் தேய்த்தார். மூட்டு மூட்டாய் உயரம் பார்த்துப் பொருத்தினார். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துப் புதிதாய் ஒட்டினார். மேசைக்குக் கீழே மல்லாக்கப் படுத்து வயர் பற்றவைத்தார். குசினிக் கதவின் பிணைச்சல் கழன்று தொங்குகிறது, ஒரு ஆணி அடியுங்கோ என்று குணலட்சுமி எத்தனை வருஷமாகக் கேட்கிறாள்! அதற்குக் குனிந்தால் அந்தாளுக்கு நாரி நோகும்.

இவ்வளவும் அவள் பொறுத்திருப்பாள். கொட்டிலைப் பிடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அது நிற்பது அவளுடைய சீதனக் காணியில். மண்ணிலிருந்து கிண்டின வெங்காயத்தைப் பிடி பிடியாய்க் கட்டித் தொங்க விடத்தான் அவளுடைய அப்பர் அதைக் கட்டிக் கொடுத்தார். கொட்டிலுக்குள் மேசை நின்றபடியால் போன போகம் வெங்காயம் முழுவதும் முற்றத்தில் கூடாரத் துணிக்குக் கீழே கிடந்தது. காலம் தப்பி ஒரு மழை பெய்தது. பாதி வெங்காயம் அழுகி நாறியது. கொட்டிலுக்குள் கார் நனையாமல் ஓடியது.

அன்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. பரமலிங்கம் கேட்காவிட்டால் என்ன, ஊர் கேட்டது. கோயில் வீதியில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், பக்கத்து வீட்டு மகாதேவிக்கு வேலிக்கு மேலால் நாளுக்கு இரண்டு தரம் சொன்னாள். "கண்டறியாத ஒரு விளையாட்டு! கட்டையிலை போற வயதிலை காரோடுறாராம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொட்டிலுக்குள் சிரிப்பும் கூத்துமாய் இருக்க, அவள் வெங்காயக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சிமியோன் இருந்தார். பரமலிங்கத்தின் தமக்கை மகன், போன் திருத்துகிற ஜெயதீபன் நின்றான்.

"வெங்காயம் கிண்டப் போறம். உந்த மேசையை எப்ப எடுக்கப் போறியள்?"

"இஞ்சேரும், சும்மா கத்தாதையும்," என்றார் பரமலிங்கம், கண்ணை மேசையிலிருந்து எடுக்காமல். "கொட்டில் வேணுமெண்டால் என்னோடை ஓடி வெண்டு எடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. குணலட்சுமி கடகத்தை நிலத்தில் வைத்தாள்.

"ஓம். வெண்டால்?"

"வெண்டால் அடுத்த நாள் விடிய நானே கழட்டிறன். சிமியோன் சாட்சி."

"வெங்காயம் கிண்டுறதுக்கு முந்தின ஞாயிறு. சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"மாமி, உங்களுக்கு விசையை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு தெரியுமோ?" என்றான் ஜெயதீபன். அவள் பார்த்த பார்வையில் அவன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

தன் சீதனக் காணியில் நிற்கும் தன் கொட்டிலுக்குத் தானே பந்தயம் ஓட வேண்டிய விதி உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறது? அதை யோசித்து யோசித்து அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. விடிந்து பரமலிங்கம் கடைக்குப் போனதுதான் தாமதம், படலையைச் சாத்திவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள். நாலு காரில் சிவப்பை எடுத்துப் பள்ளத்தில் இறக்கினாள். பவரைப் போட்டாள். விசையை அமத்தினாள். கார் முதல் வளைவிலேயே பறந்து போய் மண்வெட்டியில் மோதி மல்லாந்து விழுந்தது.

"கோதாரி விழுந்த சாமான்!"

எடுத்து வைத்தாள். பறந்தது. எடுத்து வைத்தாள். பறந்தது. மத்தியானம் வரைக்கும் கார் ஓடியதை விட அவள் கொட்டிலுக்குள் ஓடியதுதான் அதிகம். சோறு அடிப்பிடித்து மணந்தபோதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தவள் அப்படியே நின்றாள். பால் பொங்கினால் என்ன செய்வாள்? பொங்கி வழிந்த பிறகா நெருப்பைக் குறைப்பாள்? பொங்க முதலே குறைக்க வேணும். வளைவுக்கு வந்த பிறகு விசையை விட்டு என்ன பிரயோசனம்? வர முதலே விட வேணும்!

கருகின சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வளைவுக்கு ஒரு முழம் முன்னால் விரலைத் தளர்த்தினாள். கார் பின்பக்கத்தை லேசாய் ஆட்டிக்கொண்டு திரும்பி, நேர்ப்பாதையில் இறங்கிப் பறந்தது. விழவில்லை. முழுச் சுற்று! குணலட்சுமி தன்னை மறந்து "அடியடா!" என்று கத்தினாள். யாரும் கேட்டுவிட்டார்களோ என்று வாயைப் பொத்தினாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் காரிடம் பிடிபட்டுப் போனாள். வேறு சொல் இல்லை. வெங்காயத் தறைக்குள் புல்லு முளைத்தது. கோழிகளுக்குத் தீன் பிந்தியது. கனடாவில் இருக்கிற மகள் ஆரபி போன் எடுத்தால், "பிள்ளை, அம்மாக்கு வேலை கிடக்குது, பிறகு கதைக்கிறன்" என்று வைத்தாள். அம்மா முந்திப் போனை வைப்பது ஆரபிக்கு உலக அதிசயம். ஒருநாள் மகாதேவி வேலியால் எட்டி, "குணமக்கா, கொட்டிலுக்கை என்ன இரையுது?" என்று கேட்டாள்.

"தையல் மெசின்."

அடுத்த நாள் மகாதேவி மூன்று சட்டைத் துணியோடு வந்து நின்றாள். தன் வாய்க்கொழுப்புத் தன் சீலையிலேயே வடிகிறது என்பார்களே, அது இதுதான். மெசின் பழுதாகிவிட்டது என்று சொல்லித் துணியைத் திருப்பி அனுப்பினாள்.

ஆனால் ஓட ஓட ஒரு காரியம் அவளுடைய நெஞ்சைக் கடிக்கத் தொடங்கியது. வென்றால் என்ன நடக்கும்? மேசையைக் கழற்றுவார்கள். கழற்றினால் இந்தச் சிவப்புக் கார் எங்கே ஓடும்? தோற்றால் மேசை நிற்கும். ஆனால் பரமலிங்கம் முன்னால், சிமியோன் முன்னால், அந்த வாய்க்காரன் ஜெயதீபன் முன்னால் தோற்பதா? சரி, வாய் திறந்து "எனக்கும் உது பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடலாம். எந்த வாயால்? கோயில் வீதி, சந்தை, வேலி என்று ஊர் முழுக்கத் திட்டித் திரிந்த வாயாலா? அதை விட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று இருந்தது அவளுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் புளி விஷயம் நடந்தது.

ஒருநாள் கார் கடைசி வளைவில் விக்கி விக்கி நின்றது. தள்ளிவிட்டால் ஓடும், மறுபடி அங்கேயே நிற்கும். குனிந்து பார்த்தாள். செப்புப் பட்டி கறுத்துப் போயிருந்தது. இதற்கு ஒருவரைக் கேட்க வேணுமா? வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கு மினுக்குகிறவளுக்குச் செம்பு மினுக்கத் தெரியாதா? பழப்புளியைக் கரைத்தாள். அடுப்புச் சாம்பல் அள்ளினாள். தேங்காய்த் தும்பு எடுத்து நாலு பாதையையும் சுற்றிச் சுற்றித் தேய்த்து, தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டாள். செப்பு தகதகவென்று எரிந்தது. கார் பட்ட பாட்டையெல்லாம் மறந்து பறந்தது. தான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பரமலிங்கம் கதவைத் திறந்தார். திறந்தவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். நாலு பாதையிலும் எறும்பு. சிவப்பு எறும்பு, வரிசை வரிசையாய், பள்ளத்துக்குள் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. றேஸ் அவை ஓடின. செப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. புளித்தண்ணீர் பட்டிக்குக் கீழே ஊறிப் பலகை பொம்மிப் பள்ளத்தின் வாய் ஒடுங்கிவிட்டது. ஒரு காரை எடுத்து இறக்கிப் பார்த்தார். நாக்கு உள்ளே போகவே இல்லை.

குணலட்சுமி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். அந்தாளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை பின்னேரம் குந்தியிருந்து செய்த வேலை! பரமலிங்கம் விரலால் செப்பைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"புளி மணக்குது."

"வௌவாலாய் இருக்கும்," என்றாள் அவள். வாய் முந்திவிட்டது. "கிணத்தடிப் புளியிலை தின்னுறது. இஞ்சை வந்து தொங்குறது. எச்சம் போடுறது."

பரமலிங்கம் கூரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஓம். வௌவால்தான்," என்றார்.

அன்றைக்கே பட்டியை உரிக்கத் தொடங்கினார். உரிக்கும்போது ஒருவர் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க வேணும், இல்லாவிட்டால் பலகையும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஜெயதீபன் தன் போன் கடையில் நின்றான். குணலட்சுமி, மனம் உறுத்தி, "நான் பிடிக்கிறன்" என்றாள். "பிடியும். பறையக் கூடாது," என்றார் அவர். அவள் வாயைத் திறக்கவில்லை. அது ஊர் அறியாத அதிசயம்.

அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரங்களில் இரண்டு பேரும் கொட்டிலுக்குள் இருந்தார்கள். தலைமயிர் காய வைக்கிற மெசினால் பலகையைக் காய வைத்தார்கள். உடைந்த வாள் அலகு ஒன்றைப் பள்ளத்துக்குள் விட்டு, பொம்மின இடத்தை மெள்ள மெள்ளச் சுரண்டினார்கள். "கனக்கச் சுரண்டினால் பள்ளம் அகண்டு போம். பிறகு கார் உள்ளுக்கை நின்று ஆடும். எப்பன் எப்பனா," என்றார். புதுப் பட்டியை அவள் இழுத்துப் பிடிக்க, அவர் சுருக்கம் விழாமல் விரலால் அமத்தி ஒட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பலகை சேருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் தட்டினால் அந்த இடத்தில் காரும் தட்டும். அவளும் தடவிப் பார்த்தாள். அவளுடைய நகத்துக்குத் தட்டியது. "இஞ்சை எப்பன் மேலை நிக்குது," என்றாள். அவர் தடவினார், தலையாட்டினார், தேய்த்தார். அவர் தன் வேலையில் அவள் சொல்லைக் கேட்டது கலியாணம் கட்டின பிறகு அதுதான் முதல் தரம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் முகத்தை உர் என்று வைத்திருந்தாள்.

"செப்பை வெறும் துணியாலைதான் துடைக்க வேணும்," என்று அவர் சும்மா காற்றுக்குச் சொல்வது போலச் சொன்னார். "கறுத்தால் பென்சில் அழிக்கிற இறப்பராலை தேய்க்கலாம். தண்ணி ஆகாது. வௌவாலுக்கு உதெங்கை தெரியப் போகுது?"

அவள் பேச்சை மாற்ற வேணுமே. "போன போகம் மழை பெஞ்ச அண்டைக்கு," என்று தொடங்கினாள், "நீங்கள் கடையிலை. நான் தனிய நிண்டு அழுகினதையும் நல்லதையும் வேறை வேறையாத் தெரிஞ்செடுத்தன். இருட்டும் வரைக்கும் தெரிஞ்செடுத்தன். கையெல்லாம் அவிஞ்சு போச்சு." திட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஏதோ வாயில் வந்தது. பரமலிங்கம் ஒட்டிக்கொண்டிருந்த பட்டியை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்த்தார்.

பந்தய நாள் வந்தது. சிமியோன் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். ஜெயதீபன் சுற்று எண்ண நின்றான். கூப்பிடாமலே மகாதேவியும் வந்தாள். தையல் மெசின் இதுதானா என்று மேசையைப் பார்த்து, மூக்கில் விரலை வைத்தாள்.

"பத்துச் சுற்று," என்றான் ஜெயதீபன். "மாமா நீலம், மாமி சிவப்பு. ஓடுங்கோ!"

முதல் சுற்றிலேயே எல்லாருக்கும் வாய் அடைத்துப் போயிற்று. மாமி காரைத் தூக்கி எறிவா, சுவருக்கு அடிப்பா, மாமா சிரித்துக்கொண்டு ஓடுவார் என்றுதானே நினைத்திருந்தார்கள்? சிவப்புக் கார் வளைவுக்கு முன்னால் மூச்சு விட்டு, வளைந்து, பாய்ந்தது. நீலத்துக்கு ஒட்டிக்கொண்டே போனது. "அக்கா, ஆரிட்டைப் பழகினீங்கள்?" என்று சிமியோன் கத்தினார். அவளுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. நாலாம் சுற்றில் அவசரப்பட்டு அமத்தினாள், கார் பறந்தது, ஜெயதீபன் ஓடிப்போய் எடுத்து வைத்தான். பரமலிங்கம் அரைச் சுற்று முன்னால் போய்விட்டார். அவளுக்குத் தலையில் ஏறியது. விடுவாளா? வளைவுக்கு வளைவு அரை முழமாய் எட்டிப் பிடித்தாள். எட்டாம் சுற்றில் நீலக் கார், காரணமே இல்லாமல், லேசான வளைவு ஒன்றில் பள்ளத்தை விட்டு வெளியே குதித்தது. அந்த வளைவில் பரமலிங்கத்தின் கார் விழுந்ததை ஒருவரும் ஒருநாளும் கண்டதில்லை.

சிவப்பு முன்னால் போனது. கடைசிச் சுற்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெல்லப் போகிறாள். நாளைக்கு விடியக் கழற்றப் போகிறார். இந்தப் பள்ளம், தானும் சேர்ந்து சுரண்டின பள்ளம், தன் நகம் தட்டிப் பார்த்த மூட்டு, எல்லாம் மறுபடியும் பலகையாகப் போய்விடும். விரல் தானாய்த் தளர்ந்தது. முந்தட்டும், அந்தாள் முந்தட்டும், ஒருதரம் தோற்றால் என்ன குறைந்தா போகும்? சிவப்பு மெள்ளப் போனது. நீலம் முந்தவில்லை. அவள் இன்னும் மெதுவாக்கினாள். நீலமும் இன்னும் மெதுவாகியது. இரண்டு காரும் ஒன்றுக்கொன்று வழி விட்டுக்கொண்டு, கிழட்டு ஆமைகள் மாதிரி ஊர்ந்தன.

"என்னண்ணை, இது மாட்டு வண்டில் சவாரியோ?" என்றார் சிமியோன். "மாடெண்டாலும் இதை விடக் கெதியா ஓடும்."

"கரண்ட் குறைஞ்சு போச்சோ?" என்று மகாதேவி மேலே எரிந்த பல்பைப் பார்த்தாள்.

முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சிவப்பு நின்றது. அதற்குப் பின்னால் நீலமும் நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் நிப்பாட்டேல்லை. செப்பிலை ஊத்தை."

"காலமை நான்தான் துடைச்சனான். ஊத்தை இல்லை."

"அப்ப நீர் ஏன் நிப்பாட்டினீர்?"

"எனக்கும் ஊத்தை."

ஜெயதீபன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றான். பரமலிங்கம் குரலைத் தணித்தார். "ஓடி முடிச்சுப்போடும் குணம். கொட்டிலை எடும். போன முறை மாதிரி வெங்காயத்தை மழையிலை விட்டுட்டு நீர் தனிய நிக்கக் கூடாது."

அதைக் கேட்டதும் அவளுடைய நெஞ்சு இளகியது மெய். ஆனால் இளகின நெஞ்சைக் கோபம் ஒரே பாய்ச்சலில் முந்திக்கொண்டது. விட்டுத் தருகிறாராம்! பாவம் பார்த்து வெல்ல வைக்கிறாராம்! அந்த எட்டாம் சுற்றுக் குதி கூட வேண்டுமென்றே குதித்த குதி!

"எனக்குப் பிச்சை போடுறியளோ? ஓடத் தெரியாமலோ நான் வந்தனான்? எத்தினை நாள் பழகினனான் தெரியுமே?"

"தெரியும். புளி போட்ட அண்டைக்கே தெரியும்," என்றார் பரமலிங்கம். "எந்த வௌவால் சாம்பலும் போட்டு மினுக்கும்?"

கொட்டில் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. சிமியோன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகாதேவிக்குப் புரை ஏறியது. குணலட்சுமிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. கையில் இருந்த விசையை ஆரோ ஒருவருடைய குரல்வளை என்று நினைத்து அமத்தினாள். சிவப்புக் கார் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, வளைவில் பறந்து, சிமியோனின் வெள்ளைச் சேட்டில் மோதி விழுந்தது.

"மாமி வெண்டுட்டா!" என்று ஜெயதீபன் துள்ளினான்.

அவள் விசையை அமத்தினபடியே நின்றாள். வென்றுவிட்டாள். ஐயோ, வென்றுவிட்டாள்.

அடுத்த நாள் விடியப் பரமலிங்கம் சொன்ன சொல் மாறாமல் மேசைக்குக் கீழே போய் மல்லாக்கப் படுத்தார். குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்தபோது வெளியே அவருடைய இரண்டு கால்தான் தெரிந்தது. பலகையை முடுக்கியிருந்த திருகுப் புரியாணி ஒன்று கழன்று டங் என்று நிலத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் நோகிற பல்லில் தட்டினது போல் இருந்தது.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"கழட்டாதேங்கோ."

"சொன்னது சொன்னதுதான். பிறகு நீர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவீர், பொம்பிளையை ஏமாத்திப்போட்டான் எண்டு." இரண்டாவது புரியாணி விழுந்தது.

குணலட்சுமி தேத்தண்ணியை மேசையின் விளிம்பில் வைத்தாள்.

"எனக்கு உது வேணும்," என்றாள்.

கீழே சத்தம் நின்றது.

"பிள்ளை கனடாவுக்குப் போன நாள் தொட்டு இந்த வளவுக்கை நான் செய்யிறது எல்லாம் செய்ய வேணுமே எண்டு செய்யிறது. வெங்காயமும் அப்பிடித்தான், சமையலும் அப்பிடித்தான். உதைத்தான் நான் ஆசைப்பட்டுச் செய்தனான். கழட்டாதேங்கோ." சொல்லி முடிக்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சீலைத் தலைப்பால் துடைத்தாள். நல்ல காலம், அந்தாளுக்கு மேலே தெரியாது.

பரமலிங்கம் கீழேயிருந்து கேட்டார், "அப்ப ஏன் வெண்டனீர்?"

"நீங்கள் பாவம் பாத்தால் நான் வேறை என்ன செய்யிறது?"

அவர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கி, தேத்தண்ணி தளம்பியது. "சரி, வெங்காயத்தை எங்கை தொங்க விடுறது?"

"ஹோலிலை. கழட்டத்தான் கை துடிக்குதெண்டால் போய் அந்தப் பெரிய ரீவியைக் கழட்டி மூலையிலை வையுங்கோ. குறுக்கே கம்பு கட்டலாம்."

"இந்தக் கிழமை மட்ச் எல்லே!"

"கொட்டில் ஆருடையது?"

"உம்மடை."

"மேசை?"

அவர் தவழ்ந்து வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். அவளுடைய கண்ணைப் பார்த்தார், பார்த்தும் பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பினார். "ரண்டு பேருக்கும் சொந்தம்," என்றார்.

"அப்ப அந்தப் புரியாணி ரண்டையும் பூட்டிப்போட்டு விசையை எடுங்கோ. ஒருத்தரும் இல்லை, நாங்கள் ரண்டு பேர்தான். சரியா ஓட வேணும். விட்டுத் தந்தியளெண்டால் எனக்குத் தெரியும்."

பரமலிங்கம் பூட்டினார். மூட்டில் நகத்தால் தடவிப் பார்த்தார். அவளும் தடவிப் பார்த்தாள். நீலமும் சிவப்பும் கோட்டில் நின்றன. இந்த முறை அந்தாள் மெய்யாகவே ஓடினார். ஒரு வளைவிலும் தயவு காட்டவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினார். குணலட்சுமி படாத பாடுபட்டுப் பார்த்தாள். முழுதாய் ஒரு சுற்றால் தோற்றாள். வாழ்க்கையில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவள், தோற்றுப்போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கு எதிரே ஓட ஒருவர் இவ்வளவு பாடுபட்டாரே என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னொருக்கா," என்றாள்.

வெங்காயம் கிண்ட வந்த ஆட்கள் படலையடியில் நின்று கூப்பிட்டார்கள். "வாறம், வாறம்," என்று கொட்டிலுக்குள் இருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். வெகு நேரம் ஒருவரும் வெளியே வரவில்லை.